பைனாகுலரும் அதனுள் இருக்கும் முப்பட்டகமும்

நாயுடுபுரத்தில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கும் நண்பர்கள் பலர், "பறவை பார்க்க எந்த பைனாகுலர் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். கடைக்காரர் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்று மட்டும் சொல்வார். உள்ளே இருக்கும் முப்பட்டகத்தையும் விசாரிக்க வேண்டும்.

முப்பட்டகம் நம் மலைக்குப் புதிதல்ல. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் கால்சியம் ஒளியில் சூரியனைப் படமெடுத்த கருவியில், ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தது அதுதான். பைனாகுலரிலோ அதற்கு வேறு வேலை: லென்சுகள் தலைகீழாகக் காட்டும் உருவத்தை நிமிர்த்துவது.

இத்தாலியரான இக்னாசியோ போர்ரோ, இரண்டு செங்கோண முப்பட்டகங்களால் இதைச் செய்யும் முறைக்கு 1854-ல் காப்புரிமை பெற்றார். நல்ல கண்ணாடியும் துல்லியமான வேலைப்பாடும் கைகூட நாற்பது ஆண்டுகள் ஆயின. 1894-ல் ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனம் அத்தகைய பைனாகுலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தோள் புடைத்த பழைய பைனாகுலர் இந்த வகைதான்.

நேர்க்குழாய் வடிவில் இருப்பது 'ரூஃப்' வகை. இதன் முப்பட்டகத்தில் இரு முகங்கள் வீட்டுக் கூரைபோல் 90 பாகையில் சந்திக்கின்றன. அந்தக் கோணம் இம்மியளவு பிசகினாலும் உருவம் இரட்டையாகத் தெரியும். கோணம் சரியாக இருந்தாலும், கூரையில் இரண்டாகப் பிரியும் ஒளியலைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் காட்சி சற்று மங்கும். இதைச் சரிசெய்யும் பூச்சை ஜெய்ஸ் 1988-ல்தான் கொண்டுவந்தது. இத்தனை நுட்பத்துக்கும் செலவு உண்டு. அதனால் குறைந்த விலையில் வாங்கினால், பெரும்பாலும் போர்ரோ வகையே தெளிவாகக் காட்டும்.

ஆனால் நம்மூர் மூடுபனியை மறக்கக் கூடாது. சாதாரண போர்ரோவில் குவியத்தைத் திருப்பும்போது கண்பக்கக் குழாய்கள் முன்னும் பின்னும் நகரும்; ஈரக்காற்று உள்ளே புகும்; நாளடைவில் பூஞ்சை பிடிக்கும். ரூஃப் வகையில் குவியம் உள்ளேயே நகர்வதால், நைட்ரஜன் நிரப்பி இறுக மூடுவது எளிது.

ஆகவே வீட்டு வராந்தாவிலிருந்து பார்ப்பவருக்குப் போர்ரோ போதும். சோலைக்குள் தூறலில் நடப்பவர் கூடுதலாகச் செலவிட்டு, நைட்ரஜன் நிரப்பிய, அந்த அலைத்திருத்தப் பூச்சுள்ள ரூஃப் வாங்கலாம். எதை வாங்கினாலும், ஈரம் துடைத்து, காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கும் உதவும்.