சம்பங்கி தமிழ்மலர் ஆன வரலாறு

மலரின்றித் தமிழர்க்கு மங்கலம் இல்லை. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய புறநகர்க் கடைத்தெருக்களில் மாலை தொடுப்போர் முன் குவிந்து கிடக்கும் வெண்மலர்களுள் சம்பங்கிக்குத் தனியிடம் உண்டு. இறைவன் திருமேனியிலும் மணமக்கள் தோளிலும் விளங்கும் இம்மலர் தொன்றுதொட்டு நம்முடையது என்றே எவரும் எண்ணுவர். வரலாறு கூறுவது வேறு.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 மலர்களுள் சண்பகம் உண்டு. இன்றைய சம்பங்கி இல்லை. இருத்தலும் இயலாது. இதன் தாயகம் மெக்சிகோ. அந்நாட்டு அசுடெக் மக்கள் இதனை ‘எலும்புப் பூ’ என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். 16ஆம் நூற்றாண்டில் இசுபானியர் இதனை ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றனர். ஐரோப்பியர் வழியாகவே கீழை நாடுகளும் இதனைப் பெற்றன. இன்றைய தாவரவியலார் இதனை ஆனைக்கற்றாழையின் இனத்திலேயே சேர்க்கின்றனர்.

அவ்வாறாயின் இப்பெயர் எங்ஙனம் வந்தது? தெலுங்கில் ‘சம்பங்கி’, கன்னடத்தில் ‘சம்பிகெ’ என்பன சண்பக மரத்தையே குறிப்பன. அது பொன்னிறப் பூப்பூக்கும் ஓங்கிய மரம். இதுவோ கிழங்கிலிருந்து முளைக்கும் சிறு செடி. இரண்டையும் இணைப்பது மணம் ஒன்றே. மரத்தினின்று பிரித்தறியவே ‘நிலச்சம்பங்கி’ என்றும் வழங்கினர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காரக்காய்க்கு மிளகின் பெயரைத் தந்து ‘மிளகாய்’ என அழைத்ததும் இவ்வாறே. வடநாட்டார் இம்மலரை ‘இரவில் மணப்பது’ என்னும் பொருளில் ரஜனிகந்தா என்பர்.

பறித்த பின்னரும் மணம் பரப்புவது இதன் தனிச்சிறப்பு. பிரான்சின் கிராசு நகரத்தார் கண்ணாடித் தட்டில் கொழுப்பைப் பூசி, அதன்மேல் இம்மலர்களைப் பரப்பி நறுமணத்தைக் கவர்ந்தனர். நம் நாட்டில் ஓரடுக்குப் பூ மாலைக்கும், பல அடுக்குப் பூவின் நெடுந்தண்டு பூச்சாடிக்கும் பயன்படுகின்றன. சத்தியமங்கலம், நிலக்கோட்டைப் பகுதிகள் இதன் விளைநிலங்கள். சென்னையில் பத்ரியன் தெருவில் நிகழ்ந்துவந்த பூ வணிகத்தின் பெரும்பகுதி 1996 முதல் கோயம்பேட்டிற்குப் பெயர்ந்தது.

பல ஊர்களிலிருந்து வந்து குடியேறியோரால் வளர்ந்தது நம் தாம்பரம். வந்தவர் யார், வாழ்ந்தவர் யார் என்னும் வினா இங்கும் அவ்வப்போது எழுகின்றது. கடல் கடந்து வந்த மலருக்குத் தமிழர் பெயர் சூட்டினர். தெய்வத்தின் தோளிலும் இடம் தந்தனர். அவ்வினாவிற்கு இதனினும் தெளிந்த விடை வேண்டுமோ?