கேன்டீன், விடுதி, வண்டிக்கடை: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் விரைவு உணவுப் போட்டியின் வரலாறு

1996 மே மாதம் ஹூண்டாயின் இந்திய நிறுவனம் பதிவாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் மெக்டொனால்ட்ஸ் டெல்லி வசந்த் விஹாரில் இந்தியாவின் முதல் கடையைத் திறந்தது. நம் நாட்டு விரைவு உணவுத் தொழிலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இந்த இரண்டாவது நிகழ்விலிருந்தோ, அதற்கு முந்தைய ஆண்டு பெங்களூருக்கு வந்த கேஎஃப்சியிலிருந்தோ தொடங்குவார்கள். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதிக்கு அந்தத் தொடக்கம் பொருந்தாது. இங்கே யார் எதை விற்கலாம் என்ற எல்லையை வகுத்தது தொழிற்சாலைக் கேன்டீன் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் நடத்த விதி செய்யும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தந்தது. உணவின் விலையில் சேர்க்காமல் முதலாளியே ஏற்க வேண்டிய செலவுகள் எவை என்பதையும் அவ்விதிகளே சொல்லலாம். ஆக, கேன்டீன் தட்டின் விலையோடு வெளிக்கடை மோதவே முடியாது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ கார் உருவாகத் தொடங்கியது. 2006-இல் நோக்கியா வந்தது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான், 2012-இல் டெய்ம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு. ஒவ்வோர் ஆலை திறந்தபோதும் ஒரு பெருங்கூட்டத்தின் சாப்பாடு வெளிச்சந்தைக்கு வராமலே மதிலுக்குள் போய்விட்டது. மதிலுக்குள்ளும் போட்டி உண்டு. ஆனால் அது ஒப்பந்தக்காரர்களுக்கிடையே, டெண்டரில் நடப்பது. பணம் கொடுப்பவர் ஒருவர், சாப்பிடுபவர் வேறொருவர். சாம்பார் நீர்த்துப்போனால் ஒப்பந்தக்காரர் வாடிக்கையாளரை இழப்பதில்லை; புகாரைத்தான் சம்பாதிக்கிறார்.

வெளியே மிஞ்சியது ஷிப்டுக்கு முன்னும் பின்னுமான பசி, வார விடுமுறை, கேன்டீன் வைக்கும் அளவுக்கு ஆளில்லாத உதிரிபாகப் பட்டறைகள், வாசலில் சரக்கு இறக்கக் காத்திருக்கும் லாரி ஓட்டுநர்கள். இதைப் பிடித்தவை பாஸ்ட் புட் வண்டிகள். முன்பே வடித்து ஆறவைத்த சோறு, வேகவைத்த நூடுல்ஸ், பெரிய தீ எரியும் அடுப்பு, இரும்புச் சட்டி: இவ்வளவுதான் முதலீடு. ஆர்டர் சொன்ன சில நிமிடங்களில் முட்டை ரைஸ் தட்டுக்கு வந்துவிடும். பெருநிறுவனங்கள் பெருஞ்செலவில் சாதிக்கும் வேகத்தை இவர்கள் கையசைப்பிலேயே எட்டினார்கள் என்பதை மேலாண்மைப் பாடநூல்கள் கவனிப்பதில்லை. கம்பெனி பஸ் ஆளிறக்கும் இடமே இவர்களின் கடைமுனை. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வண்டிகள் விலையைக் குறைத்து மோதிக்கொள்வது அரிது. அளவிலும், சம்பள நாள்வரை பொறுக்கும் கணக்கிலும்தான் போட்டி. ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் பெருகியபின் ரொட்டிக் கடைகளும் பானிபூரி வண்டிகளும் இந்த வரிசையில் சேர்ந்தன.

நெடுஞ்சாலைச் சங்கிலிகளின் கதை வேறு. சரவண பவன் 1981-இல் கே.கே.நகரிலும், அடையாறு ஆனந்த பவன் 1988-இல் அடையாறிலும் தொடங்கிய நகரக் கடைகள். சென்னை–பெங்களூரு சாலை நான்கு வழியான பிறகு இத்தகைய சைவ உணவகங்கள் கார் பயணிகளைக் குறிவைத்தன. அகன்ற பார்க்கிங்கும் சுத்தமான கழிப்பறையும் இங்கே தோசைக்குச் சமமான சரக்கு. 2017 ஜூலையில் ஏசி உணவகத்துக்கு 18, ஏசி இல்லாததற்கு 12 விழுக்காடு என இருந்த ஜிஎஸ்டி, அதே ஆண்டு நவம்பரில் இரண்டுக்கும் 5 ஆயிற்று. குளிர்ந்த கூடத்துக்கும் சாதாரணக் கூடத்துக்கும் இருந்த வரி இடைவெளி போயிற்று. வண்டிக்காரரை இது தொடவில்லை. அவர் வரி வரம்புக்கே கீழே.

2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டது. ஆலை நின்றால் கேன்டீன் ஒப்பந்தமும் நின்றுவிடும். வண்டியோ வேறு வாசலுக்கு நகரும். இதைவிடப் பெரிய அதிர்ச்சி மூன்றாவது அடுக்களையான தொழிலாளர் விடுதியிலிருந்து வந்தது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். மூடப்பட்ட அந்த ஆலை மறுபடி திறக்க 2022 ஜனவரி 12 ஆயிற்று. பிடிக்காவிட்டால் அடுத்த வண்டிக்குப் போகலாம் என்ற வாய்ப்பு விடுதிச் சாப்பாட்டில் இல்லை; போட்டியில்லாத சந்தையின் விலையை அந்தப் பெண்கள் உடம்பால் கொடுத்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் விடுதி வளாகத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். தங்குமிடம் மேம்பட்டது உண்மை. ஆனால் அத்தனை பேரின் இரவுச் சாப்பாடும் மதிலுக்குள் போகிறது.

2020-இல் இயற்றப்பட்ட தொழிற் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, கேன்டீனுக்கான வரம்பை 100 தொழிலாளர்களாக இறக்கியிருக்கிறது. நூறுக்கும் இருநூற்றைம்பதுக்கும் இடைப்பட்ட உதிரிபாக ஆலைகள் இதை முழுமையாகப் பின்பற்றினால், ஒரகடத்து வண்டிக்கடைகள் தங்கள் மதிய வாடிக்கையில் பெரும்பகுதியை இழக்கும்.