தேயட்டும் என்று வைத்த புஷ்

அமெரிக்காவில் டிரக் என்றால் முதலில் நினைவுக்கு வருவது நம்ம ஊர் லாரி இல்லை, வீட்டு வாசலில் நிற்கும் பிக்கப் வண்டி. நாற்பது ஐம்பது வருஷம் ஓடிய பிக்கப்பை அங்கே பலர் வீட்டுக் கொட்டகையிலேயே ஜாக்கி போட்டுத் தூக்கி, முன்பக்க சஸ்பென்ஷனில் தேய்ந்த பாகங்களைத் தாங்களே மாற்றிக்கொள்கிறார்கள். அவர்களுடைய கைப்பழக்கம் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. எந்தப் பாகம் தேயணும், எது தேயக்கூடாது என்று வண்டியை வடிவமைத்தவர் எடுத்த முடிவு மீதிப் பாதி.

கொஞ்சம் பின்னால் போவோம். பழைய குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுக்க நடுவில் ஒரே ஆணியில் திரும்பும். சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனி ஆணியில் திரும்பட்டும் என்று அதை மாற்றியவர் மியூனிக் நகரத்து வண்டி செய்பவர் லாங்கன்ஸ்பெர்கர். லண்டனில் அவருக்காக 1818-இல் காப்புரிமை வாங்கியவர் ருடால்ஃப் ஆக்கர்மன். பெயர் என்னவோ ஆக்கர்மனுக்குத்தான் நிலைத்தது! அந்தத் தனி ஆணியின் வாரிசுதான் கிங் பின். நம்ம ஊர் லாரி மெக்கானிக்கிடம் இதை விளக்கவே வேண்டாம். கனரக லாரிகளின் முன் ஆக்சிலில் இன்றும் அதுதான்.

அதன் சூட்சுமம் எளிது. ஆக்சிலும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் அடித்து வார்த்த கனமான இரும்பு. நடுவே கடினப்படுத்திய எஃகு ஆணி. ஆணியைச் சுற்றி மெல்லிய வெண்கலப் புஷ். முதலில் தேய்வது புஷ், அப்புறம் ஆணி. விலை உயர்ந்த ஆக்சிலுக்குப் பதிலாக மலிவான ஒரு குழாய்த்துண்டு உயிரைக் கொடுக்கிறது. ஃபோர்டு மாடல் டி காலத்திலேயே புஷ்ஷைத் தட்டி எடுத்துப் புதுசு போட்டு, ரீமர் ஓட்டி அளவுக்குக் கொண்டுவருவது வழக்கமான வேலை.

தேய்மானத்தைக் கண்டுபிடிக்கக் கருவியே வேண்டாம். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பார்க்கணும். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டணும். ஆட்டம் நின்றுவிட்டால் குற்றவாளி வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின். கழற்றுவதுதான் பாடு. ஆணியை ஆக்சிலோடு பூட்டியிருக்கும் சின்ன ஆப்பை முதலில் எடுக்கணும். பல வருஷம் கிரீஸ் காணாமல் துருவேறிய ஆணி சுத்தியலுக்கெல்லாம் அசையாது, சூடு காட்டினால்தான் கொஞ்சம் இறங்கி வரும். ரீமர் இல்லாதவர்கள் நக்கிளை மட்டும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோவார்கள். புதுப் புஷ்ஷின் துளை கிரீஸ் நிப்பிளின் துளைக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்காமல் அடித்துவிட்டால், எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் உள்ளே போகாது. அந்த நிப்பிளை அமெரிக்க மெக்கானிக்குகள் இன்னும் 'ஜெர்க்' என்றே சொல்கிறார்கள். 1929-இல் அதற்குக் காப்புரிமை பெற்ற ஆஸ்கர் ஜெர்க்கின் பெயர்.

பால் ஜாயிண்ட் வந்தபோது கணக்கு மாறியது. 1952-இல் லிங்கன் காரிலும் 1954-இல் ஃபோர்டு காரிலும் அது வந்துவிட்டது. ஆனால் அதே ஃபோர்டு, 1965-இல் பிக்கப்புக்கு 'ட்வின் ஐ-பீம்' என்ற புது சஸ்பென்ஷன் கொடுத்தபோதும் கிங் பின்னை விடவில்லை. எண்பதுகளில்தான் அது வழிவிட்டது. ஷெவர்லே வேறு வழியில் போனது: 1960-இல் டார்ஷன் பார், 1963-இல் காயில் ஸ்பிரிங்.

ஷெவர்லே சி-10 வண்டியின் மேல் பால் ஜாயிண்டைப் பார்த்தால் அந்த முடிவின் தன்மை தெரியும். தொழிற்சாலையில் அதை ரிவெட் அடித்து அனுப்பினார்கள். தேய்ந்தால் ரிவெட்டின் தலையைத் துளைத்து, உளி வைத்து வெட்டணும். கடையில் வாங்கும் மாற்று ஜாயிண்டோடு போல்ட்டும் நட்டும் வரும். அடுத்த தடவைக்கு ஸ்பானரே போதும். தொழிற்சாலைக்கு வேகம் முக்கியம், மாற்றுபவனுக்குக் கழற்றுவது முக்கியம். இரண்டும் ஒரே ஓட்டையில் வந்து நிற்கின்றன. கீழ் ஜாயிண்ட் அழுத்திச் செருகியது, பிரஸ் இல்லாமல் வராது. உதிரிபாகக் கடைகள் அந்தப் பிரஸ்ஸை முன்பணம் வாங்கிக்கொண்டு இரவல் கொடுக்கும் பழக்கம் இல்லையென்றால், இந்த வேலை பாதிப் பேருக்குக் கைக்கெட்டாமல் போயிருக்கும்.

இங்கே ஓர் ஆபத்தும் சேர்ந்து வந்தது. கிங் பின் வேலையில் சுத்தியல் விரலில் விழலாம், அவ்வளவுதான். காயில் ஸ்பிரிங் வண்டியில் கீழ்க் கையின் அடியில் ஜாக்கி கொடுக்காமல் ஜாயிண்டைப் பிரித்தால், நசுங்கியிருந்த ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் வேகத்தில் வெளியே பாயும்.

பின்னால் வந்த பல வண்டிகளில் நிப்பிளே இல்லை. ஆயுளுக்கும் போதும் என்று மூடி அனுப்பினார்கள். யாருடைய ஆயுள் என்று சொல்லவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த வண்டிகளுக்கே வெளிக் கம்பெனிகள் செய்யும் மாற்று ஜாயிண்டுகள் பலவற்றில் நிப்பிள் திரும்பி வந்துவிட்டது.

பழசெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. கிங் பின் காலத்து ட்வின் ஐ-பீமில் சக்கரம் உள்ளே வெளியே சாயும் கேம்பரைத் திருத்த எந்த ஏற்பாடும் இல்லை. பட்டறையில் ஹைட்ராலிக் ஜாக்கி வைத்து அந்தக் கனத்த பீமையே குளிர்ந்த நிலையில் வளைப்பார்கள். பால் ஜாயிண்ட் வந்த பிறகு, மேல் ஜாயிண்டைச் சுற்றி மையம் விலகிய ஒரு புஷ் போட்டார்கள். அதைத் திருப்பினால் கேம்பர் மாறும். கிங் பின் வண்டிக்காரர் எல்லாவற்றையும் வீட்டிலேயே மாற்றி, டேப் பிடித்து டோ அளவைச் சரி செய்தாலும், கேம்பர் விலகியிருந்தால் கடைசியில் வண்டியை ஓட்டிக்கொண்டு பீம் வளைக்கிற பட்டறைக்குத்தான் போயாகணும்.