டபுள் ரைஃபிளா, போல்ட் ஆக்‌ஷனா? கல்வராயன்மலை நாட்டுத் துப்பாக்கி இதில் எங்கே வருகிறது?

கள்ளக்குறிச்சி மாவட்டம் கல்வராயன்மலையில் நாட்டுத் துப்பாக்கி பறிமுதல் என்ற செய்தி அடிக்கடி வரும். பழைய வேட்டைக் கதைகளில் வரும் ரைஃபிளுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? சட்டம் என்ன சொல்கிறது? பார்க்கலாம்.

டபுள் ரைஃபிள் என்றால்?

இரண்டு குழல், பெரும்பாலும் இரண்டு விசை. முதல் குண்டு தவறினால் அடுத்த நொடியே இரண்டாவதைச் சுடலாம். யானை, புலி போன்றவை மிக அருகில் பாய்ந்து வரும்போது இதுதான் நம்பிக்கை. ஆனால் விலை அதிகம், எடையும் அதிகம். இரண்டு குண்டு முடிந்ததும் மீண்டும் நிரப்ப வேண்டும்.

போல்ட் ஆக்‌ஷன் என்றால்?

ஒரே குழல். கீழே உள்ள மேகசினில் சில தோட்டாக்கள் இருக்கும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளணும். அந்த ஓரிரு நொடிதான் இதன் குறை. தூரத்துக் குறிக்கு ஏற்றது, விலையும் குறைவு.

ஜிம் கார்பெட் இரண்டையும் வைத்திருந்தார். 1930-ல் சௌகர் ஆட்கொல்லிப் புலியை அவர் வீழ்த்தியது .275 ரிக்பி போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளால். தமிழ்நாட்டுக் காடுகளில் சுற்றிய கென்னத் ஆண்டர்சன் பயன்படுத்திய .405 வின்செஸ்டர் இந்த இரண்டு வகையிலும் சேராது. அது லீவர் ஆக்‌ஷன்.

நாட்டுத் துப்பாக்கி எப்படி?

குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைப் போட்டு, துணியோ நாரோ அடைத்து, ஈயக் குண்டு அல்லது சைக்கிள் பால்ரஸ் போட்டுக் கம்பியால் இடிப்பார்கள். ஒருமுறை சுட்டால் அவ்வளவுதான். மறுபடி நிரப்புவதற்குள் அடிபட்ட காட்டுப்பன்றி ஆள் மேல் பாய்ந்துவிடும். மருந்து அளவு தப்பினால் குழலே வெடித்து, சுடுபவரின் கையும் கண்ணும் போகலாம்.

லைசென்ஸ் கிடைக்குமா?

கிடைக்க வழி இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து நிரப்பும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க 1959 ஆயுதச் சட்டம் இடம் தருகிறது. மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கணும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்தின்படி 2 முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.

லைசென்ஸ் இருந்தால் பன்றியைச் சுடலாமா?

கூடாது. பலரும் குழம்புவது இங்கேதான். துப்பாக்கி உரிமம் வேறு, வேட்டை அனுமதி வேறு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பயிரை அழிக்கும் விலங்கைச் சுட தலைமை வன உயிரினக் காப்பாளரோ, அவர் அதிகாரம் அளித்த அதிகாரியோ எழுத்துப்பூர்வமாக அனுமதி தரணும்.

'தற்காப்புக்காகச் சுட்டேன்' என்றால்?

உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்துடன் சுட்டால் குற்றமில்லை என்கிறது பிரிவு 11. ஆனால் அந்த நேரத்தில் நீங்களே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதாவது, திருட்டு வேட்டைக்குப் போன இடத்தில் பன்றி பாய்ந்தது, அதனால் சுட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது. தற்காப்புக்காகக் கொன்றாலும் அந்த விலங்கு அரசுக்கே சொந்தம். கறியை வீட்டுக்குக் கொண்டுபோனால் அதுவே தனி வழக்காகும்.

பயிர்ச் சேதம் என்றால் முதலில் வனத்துறையிடம் புகார் கொடுத்து இழப்பீடு கேட்பதே பாதுகாப்பான வழி. உரிமமில்லாத துப்பாக்கியை ஒப்படைத்தால் வழக்கில்லை என்று காவல்துறை அவ்வப்போது அறிவிக்கும். வீட்டில் பழைய துப்பாக்கி இருந்தால், அந்த அறிவிப்பு வரும்போது தவறவிட வேண்டாம்.