கடற்கரை மணலில் கிடந்த பத்தொன்பது வீரர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கோடை பிறந்துவிட்டால் ஊர்ப்புறத்துப் புல்வெளிகளில் பீரங்கி முழங்கும். நீல உடையினர் ஒருபுறமும் சாம்பல்நிற உடையினர் மறுபுறமும் அணிவகுப்பர். 1861 முதல் 1865 வரை அந்நாட்டின் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் தம்முள் பொருதிய உள்நாட்டுப் போரை இன்றும் நடித்துக் காட்டுகிறார்கள். இவ்வேடப்போரில் கலந்துகொள்வோர் கூத்துக் கலைஞர் அல்லர். ஆசிரியர், கடைக்காரர், தச்சர் எனப் பல தொழிலினர் தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கம்பளிச் சீருடை தைத்துக்கொண்டு வருகின்றனர். பொத்தானும் தையலும் அக்காலத்தைப் போன்றே இருத்தல் வேண்டுமெனப் பிடிவாதம் பிடிப்போர் அவர்களுள் உண்டு. அன்றைய படைவீரன் கடித்த கல் போன்ற ரொட்டியையே தாமும் கடிப்பர். துப்பாக்கியில் மருந்து இருக்கும், குண்டு இராது. ஒன்றை மட்டும் அவர்களால் அன்று போலவே செய்ய இயலாது. களத்தில் மாண்டு விழுந்தவர்கள், ஆட்டம் முடிந்ததும் எழுந்து, உடையிலுள்ள புழுதியைத் தட்டிக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறார்கள்!

இறந்தோரின் கோலம் புனைந்து நிற்பது நம்மிடையே வழக்கமன்று. பத்ருப் போர்க்களத்து ஸஹாபாப் பெருமக்களாக வேடமிட நம்மில் எவரும் துணியார். நாம் அவர்களின் திருப்பெயர்களை ஓதுகிறோம். அக்களத்தில் ஷஹீதான பதினால்வரும் யார் யார், எக்குலத்தார் என்பதைச் சீறா நூல்கள் குறித்து வைத்துள்ளன. அவர்களுள் முதலில் வீழ்ந்தவர் மிஹ்ஜஃ (ரலி) அவர்கள். அடிமைத் தளையிலிருந்து உமர் (ரலி) அவர்களால் விடுதலை பெற்றவர். குலப்பெருமை மிக்க குறைஷியர் பெயருக்கருகே அவருடைய பெயரும் அதே மதிப்போடு நிற்கிறது. இவ்வழக்கத்தில் வளர்ந்த நமக்கு அமெரிக்கரின் வேடப்போரைப் பார்க்கையில் எழும் கேள்வி இதுதான்: இத்தனை நுணுக்கமாகப் பொத்தானை நினைவில் வைத்திருந்தவர்கள் மனிதர்களில் யாரை மறந்தார்கள்?

அப்போரில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடிமை முறையே அதன் வேர். வடவர் படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் பணியாற்றினர் என்பதை நம்மவரில் பலர் அறியார். நெடுங்காலம் அமெரிக்கரே அறிந்தும் அறியாதவராய் இருந்தனர். அவர்களுள் புகழ்பெற்றது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 54ஆம் படைப்பிரிவு. 1863 ஜூலை 18 அன்று மாலை, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுக வாயிலில் மோரிஸ் தீவிலிருந்த வாக்னர் கோட்டையை அது தாக்கியது. சென்றவர் ஏறத்தாழ 600 பேர். மாண்டும் காயமுற்றும் சிறைப்பட்டும் காணாமற்போயும் 270 பேர் வரை இழப்பு. கோட்டை விழவில்லை. படைத்தலைவர் ராபர்ட் கூல்டு ஷா வெள்ளையர். எதிரிகள் அவருடைய உடலை அவருடைய கறுப்பின வீரர்களோடு ஒரே குழியில் போட்டு மூடினர். அதை அவருக்கு இழிவென எண்ணியே அவ்வாறு செய்தனர். பின்னர் உடலைத் தோண்டி எடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, தம் மகன் தன் வீரர்களோடு கிடப்பதே பெருமை எனத் தந்தை மறுத்துவிட்டார். அக்குழி இருந்த கோட்டையைக் கடல் கொண்டுபோய்விட்டது.

இவ்வீரர்களுக்கு வெள்ளை வீரருக்குரிய மாதம் 13 டாலர் தரப்படவில்லை. 10 டாலர் என்றார்கள். அதிலும் உடைக்கென 3 டாலர் பிடித்தம். குறைந்த கூலியை வாங்குவதைவிட ஒன்றும் வாங்காதிருப்பதே மேல் என 54ஆம் பிரிவினர் மறுத்தனர். அதன் உடன்பிறப்பான 55ஆம் பிரிவினரும் மறுத்தனர். வீட்டில் மனைவி மக்கள் வறுமையில் வாட, ஓராண்டுக்கு மேல் சம்பளமின்றியே துப்பாக்கி ஏந்தினர். 1864 ஜூனில்தான் அமெரிக்கப் பேரவை சம ஊதியத்துக்குச் சட்டம் செய்தது.

அந்த 55ஆம் பிரிவில் நம் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒருவர் இருந்தார். முஹம்மது அலீ இப்னு ஸயீத் என்பது அவருடைய பெயர். ஆப்பிரிக்காவில் சாட் ஏரிக்கரையிலுள்ள போர்னு நாட்டில், 1836ஆம் ஆண்டையொட்டி, ஒரு படைத்தலைவரின் மகனாகப் பிறந்தார். இளமையில் அரபு எழுத்துக் கற்றார். பின்னர் அடிமை பிடிப்போர் கையில் சிக்கிச் சகாராவைக் கடந்து, திரிப்போலி, இஸ்தான்புல், ரஷ்யா எனக் கைமாறிச் சென்றார். ரஷ்யாவில் அவருக்கு ஞானஸ்நானம் செய்து நிக்கோலஸ் என்ற பெயரைச் சூட்டினர். அமெரிக்கா சேர்ந்து டிட்ராய்ட் நகரில் ஆசிரியராக இருந்தவர், 1863இல் தாமே முன்வந்து படையில் சேர்ந்து சார்ஜென்ட் ஆனார். 1873இல் தம் வரலாற்றைத் தாமே நூலாக எழுதி வெளியிட்டார். அரபு கற்ற ஒரு கை அந்தப் போரில் துப்பாக்கி பிடித்தது என்பதை எண்ணும்போது, ஆசிரியத் தொழிலிலேயே காலம் கழித்த நமக்கு நெஞ்சு ஒரு கணம் நின்று துடிக்கிறது.

மாண்டோருக்கு முதல் மரியாதை செய்தவர்களும் எளிய மக்களே. சார்ல்ஸ்டன் நகரத்துக் குதிரைப் பந்தயத் திடலை எதிரிகள் கைதிமுகாம் ஆக்கியிருந்தனர். அங்கே மாண்ட வடவர் படைவீரர் 257 பேரைக் கூட்டுக் குழிகளில் புதைத்திருந்தனர். நகரம் வீழ்ந்ததும், அடிமைத்தளை அறுந்த கறுப்பின மக்கள் அவ்வுடல்களை எடுத்துத் தனித்தனிக் குழிகளில் அடக்கி, சுற்றிலும் வேலி கட்டினர். வாயிலில் ‘பந்தயத் திடலின் தியாகிகள்’ என்று பொருள்படும் சொற்களை எழுதினர். 1865 மே 1 அன்று 10,000 பேர் மலர் ஏந்திச் சென்றனர். 54ஆம் பிரிவும் அங்கே அணிவகுத்தது. பின்னர் அந்நாளை நகரம் அறவே மறந்தது. டேவிட் பிளைட் என்ற வரலாற்றறிஞர் பழைய தாள்களிடையே அச்செய்தியைக் கண்டெடுத்தது 1990களில்தான்.

இம்மறதி தானாக வந்ததன்று என்பதே நம் கருத்து. 1897இல் பாஸ்டன் நகரில் ஷாவுக்கும் 54ஆம் பிரிவுக்கும் வெண்கலச் சின்னம் திறந்தார்கள். கறுப்பின வீரரின் முகங்களைச் சிற்பி செயின்ட் கோடன்ஸ் ஒவ்வொன்றாக, உயிரோட்டத்துடன் வடித்தார். ஆனால் அதன் பின்புறத்தில் பொறித்த பெயர்கள் மாண்ட வெள்ளை அதிகாரிகளுடையவை மட்டுமே. முகம் உண்டு, பெயர் இல்லை! 1913 ஜூலையில் கெட்டிஸ்பர்க் களத்தில் இரு தரப்பு முதிய வீரர்கள் 53,000க்கு மேற்பட்டோர் கூடினர். பழைய தாக்குதல் நடந்த பாதையிலேயே நடந்து சென்று, கற்சுவரின் மேல் கைகுலுக்கிக்கொண்டனர். வேடப்போர் வழக்கத்துக்கு அதுவே ஒரு முன்னோடி எனலாம். காண்போர் கண் கலங்கியிருப்பர். நாமும் அதைக் குறை கூறோம். ஆயினும் அங்கே பேசிய அதிபர் உட்ரோ வில்சன் அடிமை முறை என்ற சொல்லையே எடுக்கவில்லை. பகைவர் இருவர் கை குலுக்கினர். யாரைக் குறித்துப் பகைத்தார்களோ அவர்கள் மறக்கப்பட்டனர்.

1961இல் போர் தொடங்கிய நூற்றாண்டு விழா வந்தது. அவ்விழாவை நடத்திய குழுவின் கூட்டம் அதே சார்ல்ஸ்டனில் ஏற்பாடாயிற்று. நியூ ஜெர்சி மாநிலத்துப் பிரதிநிதியாக வந்த கறுப்பினப் பெண்மணிக்கு விடுதியில் இடம் தர மறுத்தனர். அதிபர் கென்னடி தலையிட்டுக் கூட்டத்தைக் கடற்படைத் தளத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஜூலையில் மனாசஸ் களத்தில் வேடப்போர் பெருந்திரளான மக்கள் முன் நடந்தது. மக்கள் மாண்ட மண்ணில் கேளிக்கையா எனப் பலர் முகம் சுளித்தனர். தேசியப் போர்க்களப் பூங்காக்களில் எதிரெதிர் அணி நின்று சுட்டுக்காட்டுதல் பின்னர் தடுக்கப்பட்டது. அத்தடை சரியென்றே நாமும் கருதுகிறோம்.

ஆனால் எந்த வேடத்தைக் கேளிக்கை என்று ஒதுக்க நினைத்தோமோ அதுவே ஒரு கட்டத்தில் உண்மையின் பக்கம் நின்றது. 1982இல் பாஸ்டன் சின்னத்தில் மாண்ட கறுப்பின வீரர் 64 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. 1989இல் 54ஆம் பிரிவைப் பற்றி ‘குளோரி’ என்ற திரைப்படம் வந்தது. அதற்கென நீலச் சீருடை அணிந்த கறுப்பின வேடப்போர் வீரர்களில் பலர் படம் முடிந்த பின்னும் அவ்வுடையைக் களையவில்லை. பள்ளிகளிலும் அணிவகுப்புகளிலும் நின்று, ‘நாங்களும் அங்கே இருந்தோம்’ என்று எடுத்துரைக்கத் தொடங்கினர். படத்தின் மேல் நமக்கு ஒரு குறை உண்டு. ஷாவின் பெயர் உண்மைப் பெயர். முதன்மையான கறுப்பின வீரர்களின் பெயர்களோ கற்பனை. வாக்னரில் கொடியைத் தரையில் விழவிடாது காத்துப் பின்னாளில் வீரப் பதக்கம் பெற்ற வில்லியம் கார்னி இருந்தார். பேச்சாளர் பிரடெரிக் டக்ளஸின் மகன் லூயிஸ் இருந்தார். இவர்களை விட்டுப் புனைபெயர் தேட வேண்டிய அவசியம் என்ன? அக்குறையைப் பிற்பாடு கல் தீர்த்தது. வாஷிங்டனில் 1998இல் திறந்த நினைவிடத்தில் 2,09,145 பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

இனி ஸயீதின் படைப்பிரிவுக்கு வருவோம். 55ஆம் பிரிவினர் 1863 ஆகஸ்டு முதல் சார்ல்ஸ்டனை அடுத்த ஃபாலி தீவில் தங்கியிருந்தனர். வெயிலில் பதுங்குகுழி வெட்டுவதும் பாரம் சுமப்பதும் அவர்கள் மேல் விழுந்தன. நோயில் பலர் மாண்டனர். அவர்களைத் தீவின் மணலிலேயே அடக்கினர். 1987இல் அங்கே கட்டடப் பணி நடந்தபோது எலும்புகள் வெளிப்பட்டன. ஆய்ந்து பார்த்ததில் அவை கறுப்பினப் படைவீரர் 19 பேருடையவை எனத் தெரிந்தது. 1989 மே 29 அன்று போஃபோர்ட் நகரின் தேசிய இடுகாட்டில் முழுப் படைமரியாதையுடன் அவர்களை அடக்கம் செய்தனர். ‘குளோரி’ படத்தில் வீரர்களாகத் தோன்றியவர்கள் அதே நீலச் சீருடையில் அணிவகுத்து அங்கே காவல் நின்றனர்.

அன்று எவரும் விழுந்து காட்டவில்லை. வெடி வெடித்துக் கூட்டத்தை மகிழ்விக்கவில்லை. வேடமிட்டவர் நின்றனர், மெய்யாகவே மாண்டவர் மண்ணுக்குள் சென்றனர். 55ஆம் பிரிவின் படைப் பதிவேடு இன்றும் உள்ளது. ஒவ்வொருவரின் பெயரும் வயதும் தொழிலும் ஊரும் அதில் உண்டு. ஆனால் அப்பெயர்களில் எது எந்தக் குழிக்குரியது என்பதைச் சொல்ல எவராலும் இயலவில்லை.