கார்-டி செல் சிகிச்சை: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிந்துகொள்ள வேண்டியவை

மனித இரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்களுள் ஒரு வகை டி செல்கள் ஆகும். வைரசால் பாதிக்கப்பட்ட செல்களையும் இயல்பு மாறிய செல்களையும் இனங்கண்டு அழிப்பது இவற்றின் பணி. ஆனால் புற்றுநோய்ச் செல்கள் உடலின் சொந்தச் செல்களிலிருந்தே தோன்றுவதால், டி செல்கள் அவற்றைப் பல நேரங்களில் பகையாக உணர்வதில்லை. நோயாளியின் டி செல்களை வெளியே எடுத்து, குறிப்பிட்ட புற்றுநோய்ச் செல்லை அடையாளம் காணும் திறனை ஆய்வகத்தில் அளித்து, மீண்டும் அவரது உடலுக்கே செலுத்தும் முறை கார்-டி செல் சிகிச்சை எனப்படுகிறது.

பல்கலைக்கழகங்களில் பல பத்தாண்டுகள் நடைபெற்ற நோயெதிர்ப்பியல் ஆராய்ச்சியின் பயனாக உருவான இச்சிகிச்சை, தற்போது இந்தியாவிலும் கிடைக்கிறது. இது எவருக்குப் பயன்படும், இதன் ஆபத்துகள் யாவை, சிகிச்சைக்குப் பின் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பவை இப்பக்கத்தில் விளக்கப்பட்டுள்ளன.

இச்சிகிச்சை எவ்வாறு உருவானது?

1980-களின் இறுதியில் இஸ்ரேல் நாட்டின் வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தில் செலிக் எஷார் என்னும் அறிவியலாளரின் குழு, எதிர்ப்புரதத்தின் இனங்காணும் பகுதியை டி செல்லின் மேற்பரப்பில் பொருத்த இயலும் எனக் காட்டியது. எதிர்ப்புரதம் இலக்கைத் துல்லியமாகப் பற்றும். டி செல் அவ்விலக்கை அழிக்கும். இவ்விரு திறன்களும் ஒரே செல்லில் இணைந்தன. எனினும் இத்தொடக்ககாலச் செல்கள் உடலில் நீண்ட நாள் வாழவில்லை. செல் பெருகுவதற்குத் தேவையான மற்றொரு தூண்டல் பகுதியைச் சேர்த்த பின்னரே இக்குறை நீங்கியது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் மிஷேல் சாடலேன் குழுவினரும், மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனையில் டாரியோ காம்பானா குழுவினரும் இதில் முக்கியப் பங்காற்றினர்.

2010-ஆம் ஆண்டில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கார்ல் ஜூன் தலைமையிலான குழு, நாட்பட்ட இரத்தப் புற்றுநோய் கொண்ட மூவருக்கு இச்சிகிச்சையை அளித்தது. அவர்களுள் இருவரின் உடலில் நோய் முற்றிலும் மறைந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பின்னரும் அவ்விருவரின் இரத்தத்தில் மாற்றப்பட்ட டி செல்கள் உயிருடன் இருந்தமை 2022-இல் வெளியான ஆய்வறிக்கையில் பதிவு செய்யப்பட்டது.

2012-இல் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில், லிம்போபிளாஸ்டிக் இரத்தப் புற்றுநோய் கொண்ட ஒரு சிறுமிக்கு இச்சிகிச்சை அளிக்கப்பட்டது. சில நாட்களில் கடுங்காய்ச்சலும் மூச்சுத்திணறலும் ஏற்பட்டு, அக்குழந்தையின் உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. இரத்தப் பரிசோதனையில் இன்டர்லியூகின்-6 என்னும் புரதம் மிக அதிக அளவில் இருப்பது கண்டறியப்பட்டது. அப்புரதத்தின் செயலைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்னும் மருந்து மூட்டுவாத நோய்க்காக ஏற்கனவே பயன்பாட்டில் இருந்தது. ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் தடாமிட்சு கிஷிமோட்டோவின் ஆராய்ச்சியிலிருந்து தோன்றிய மருந்து அது. அதனைச் செலுத்தியதும் குழந்தை விரைவில் தேறியது, புற்றுநோயும் மறைந்தது. இன்றும் இப்பக்கவிளைவுக்கு இம்மருந்தே முதன்மையாகப் பயன்படுகிறது. 2017 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் முதல் கார்-டி சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தது.

இந்தியாவில் இதன் நிலை என்ன?

மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாட்டா நினைவு மையமும் இணைந்து நெக்ஸ்கார்19 என்னும் சிகிச்சையை உருவாக்கின. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 அக்டோபரில் இதற்கு ஒப்புதல் அளித்தது. முந்தைய சிகிச்சைகளால் குணமாகாத, அல்லது குணமாகி மீண்டும் தோன்றிய பி செல் லிம்போமா மற்றும் பி செல் லிம்போபிளாஸ்டிக் இரத்தப் புற்றுநோய்க்கு, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இது அளிக்கப்படுகிறது. இதன் ஆய்வு முடிவுகள் 2025-இல் வெளியாயின. மதிப்பிடப்பட்ட நோயாளிகளுள் ஏறத்தாழ 73 விழுக்காட்டினரிடம் நோய் குறைந்தது அல்லது மறைந்தது. வெளிநாடுகளில் ஆகும் செலவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே இதற்கு ஆகிறது எனினும், பல குடும்பங்களுக்கு அத்தொகையும் பெரும் சுமையே ஆகும்.

செல்களை மருத்துவமனை வளாகத்திலேயே தயாரித்து அளிக்கும் முறை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஆய்வு செய்யப்பட்டு, அதன் முடிவுகளும் 2025-இல் வெளியிடப்பட்டுள்ளன.

எவருக்கு இது பொருந்தும்?

இது அனைத்துப் புற்றுநோய்களுக்குமான சிகிச்சை அன்று. பி செல்களின் மேற்பரப்பில் உள்ள சிடி19 என்னும் புரதத்தை அடையாளமாகக் கொண்டே மேற்கூறிய சிகிச்சைகள் செயல்படுகின்றன. மல்டிபிள் மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு வேறொரு புரதத்தை இலக்காகக் கொண்ட கார்-டி சிகிச்சைகள் உள்ளன. மார்பகம், நுரையீரல், கணையம், குடல் ஆகியவற்றில் தோன்றும் கட்டிகளுக்கு இம்முறை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. அக்கட்டிகளில் மட்டும் காணப்பட்டு, நலமான உறுப்புகளில் இல்லாத அடையாளப் புரதத்தைக் கண்டறிவது கடினம். மேலும், கட்டிக்குள் டி செல்கள் நுழைவதும் அங்குச் செயலிழக்காமல் நிலைப்பதும் அரிதாக உள்ளன.

நோயாளியின் இதயம், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவை பக்கவிளைவுகளைத் தாங்கும் நிலையில் உள்ளனவா என்பதையும் மருத்துவர் ஆராய்ந்தே முடிவு செய்வார்.

சிகிச்சை எந்தெந்தப் படிகளில் நடைபெறுகிறது?

1. செல் சேகரிப்பு: நோயாளியின் இரத்தம் ஒரு கருவியின் வழியே செலுத்தப்பட்டு, வெள்ளையணுக்கள் மட்டும் பிரித்தெடுக்கப்படுகின்றன. எஞ்சிய இரத்தம் உடலுக்கே திரும்புகிறது. இதற்குச் சில மணிநேரம் ஆகும். ஸ்டீராய்டு மருந்துகள் டி செல்களைப் பாதிக்கும் என்பதால், உட்கொள்ளும் அனைத்து மருந்துகளையும் முன்னரே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

2. ஆய்வகத் தயாரிப்பு: நோய் உண்டாக்கும் திறன் நீக்கப்பட்ட வைரசின் துணையுடன் டி செல்களுக்குள் புதிய மரபணு சேர்க்கப்படுகிறது. பின்னர் அச்செல்கள் பெருக்கப்பட்டு, தரச் சோதனைக்கு உட்படுத்தப்படுகின்றன. இதற்குப் பொதுவாகச் சில வாரங்கள் ஆகும். இடைக்காலத்தில் நோய் வளராமல் இருக்க வேறு சிகிச்சை தேவைப்படலாம்.

3. ஆயத்தக் கீமோதெரபி: உடலில் உள்ள பழைய வெள்ளையணுக்களைக் குறைத்துப் புதிய செல்களுக்கு இடமளிக்க, பெரும்பாலும் மூன்று நாட்கள் மருந்து செலுத்தப்படுகிறது. எதிர்காலத்தில் குழந்தைப்பேறு விரும்புவோர், கருமுட்டை அல்லது விந்தணுவைப் பாதுகாப்பது குறித்துச் சிகிச்சை தொடங்கும் முன்னரே கேட்டறிதல் நன்று.

4. செல் செலுத்துதல்: தயாரான செல்கள் நரம்பு வழியாக ஏற்றப்படுகின்றன. இது ஒரு மணிநேரத்திற்குள் முடிந்துவிடும். இதன் பின்னரே மிகுந்த கவனம் தேவைப்படும் காலம் தொடங்குகிறது.

பக்கவிளைவுகள் யாவை?

சைட்டோகைன் வெளியீட்டு நோய்க்குறி: புதிய டி செல்கள் புற்றுநோய்ச் செல்களைத் தாக்கும்போது வெளிப்படும் புரதங்களால் காய்ச்சல், குளிர் நடுக்கம், இரத்த அழுத்தம் குறைதல், மூச்சுத்திணறல் ஆகியன உண்டாகலாம். பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் இது தோன்றும். குழந்தைகளும் இளையோருமாக 75 பேரிடம் நடைபெற்று 2018-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், 77 விழுக்காட்டினருக்கு இது ஏற்பட்டது. காய்ச்சலே பெரும்பாலும் இதன் முதல் அறிகுறி.

நரம்பு மண்டலப் பாதிப்பு: குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், மிகுந்த உறக்கம், கை நடுக்கம், வலிப்பு ஆகியன ஏற்படலாம். இதனைத் தொடக்கத்திலேயே கண்டறிய, மருத்துவமனையில் நோயாளியை நாள்தோறும் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வர். கையெழுத்து சிதைவது முதல் அறிகுறியாக இருக்கலாம். பெரும்பாலானோருக்கு இப்பாதிப்பு தக்க சிகிச்சையால் நீங்கிவிடுகிறது.

தொற்றுகள்: இச்சிகிச்சை புற்றுநோயுற்ற பி செல்களுடன் நலமான பி செல்களையும் அழிக்கிறது. எதிர்ப்புரதம் குறைவதால் பல மாதங்கள், சிலருக்குப் பல ஆண்டுகள் கூட, தொற்று எளிதில் ஏற்படலாம். சிலருக்கு இம்யூனோகுளோபுலின் ஊசி தேவைப்படும். உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகளை மருத்துவரின் அனுமதியின்றிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

நெடுநாள் விளைவுகள்: அரிதாகச் சிலருக்குப் பின்னாளில் டி செல் புற்றுநோய் தோன்றியதாகத் தெரிவிக்கப்பட்டுள்ளது. இதனால் 2024-இல் அமெரிக்க நிர்வாகம் இச்சிகிச்சைகளுக்கு எச்சரிக்கைக் குறிப்பைக் கட்டாயமாக்கியது. எனவே வாழ்நாள் முழுவதும் கண்காணிப்பு தேவை.

நோய் மீண்டும் வருமா?

வரக்கூடும். மேற்கூறிய 75 பேர் ஆய்வில், மூன்று மாதங்களுக்குள் 81 விழுக்காட்டினரிடம் நோய் மறைந்தது. ஓராண்டு முடிவில் உயிருடன் இருந்தோர் 76 விழுக்காட்டினர். ஆனால் நோய் மீளாமலும் வேறு பின்னடைவு இன்றியும் இருந்தோர் 50 விழுக்காட்டினர் மட்டுமே. வேறு சிகிச்சைகள் பயனளிக்காத நிலையில் இருந்தவர்களுக்கு இது பெரும் முன்னேற்றம். எனினும் அனைவரும் நிலையாகக் குணமடைவர் என்பது இதன் பொருள் அன்று. புற்றுநோய்ச் செல்கள் தம் அடையாளப் புரதத்தை இழந்துவிடுவதும், மாற்றப்பட்ட டி செல்கள் விரைவில் மறைந்துவிடுவதும் நோய் மீள்வதற்கான முக்கியக் காரணங்கள் ஆகும்.

பராமரிப்பாளர் கவனிக்க வேண்டியவை

• சிகிச்சைக்குப் பின் மருத்துவர் கூறும் காலம் வரை, மருத்துவமனைக்கு விரைவில் சென்று சேரக்கூடிய தொலைவில் தங்க வேண்டும். நோயாளியைத் தனியே விடக் கூடாது.
• நாள்தோறும் உடல் வெப்பநிலையைக் குறித்து வைக்க வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் (38 டிகிரி செல்சியஸ்) அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால், வீட்டிலேயே மாத்திரை அளித்துக் காத்திருக்காமல் உடனே சிகிச்சை மையத்தைத் தொடர்புகொள்ள வேண்டும்.
• பெயர், ஊர், கிழமை ஆகியவற்றைக் கேளுங்கள்; ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பதிலில் தடுமாற்றமோ எழுத்தில் மாற்றமோ தெரிந்தால் அது அவசர நிலை ஆகும்.
• கார்-டி சிகிச்சை பெற்றவர் என்பதைக் குறிக்கும் அட்டையை நோயாளி எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். வேறு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால் முதலில் அதனைக் காட்ட வேண்டும்.
• மருத்துவர் அனுமதிக்கும் வரை நோயாளி வாகனம் ஓட்டக் கூடாது. இரத்த தானமும் உறுப்பு தானமும் செய்யக் கூடாது.
• செல் தயாரிப்பில் பயன்படும் வைரசின் தன்மையால், சில வகை எச்.ஐ.வி. பரிசோதனைகள் தொற்று இல்லாதபோதும் இருப்பதாகக் காட்டலாம். அத்தகைய முடிவு வந்தால் அச்சம் கொள்ளாமல் சிகிச்சை மையத்தில் தெரிவிக்க வேண்டும்.

பிற நோய்களுக்கான ஆராய்ச்சி

லூபஸ் போன்ற நோய்களில், தவறாகச் செயல்படும் பி செல்கள் உடலின் சொந்த உறுப்புகளையே தாக்கும் எதிர்ப்புரதங்களை உருவாக்குகின்றன. பி செல்களை அழிக்கும் இதே முறை இங்கும் உதவலாம் என்னும் கருத்தின் அடிப்படையில், ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் கியார்க் ஷெட் குழுவினர் ஆய்வு மேற்கொண்டனர். லூபஸ், தசை அழற்சி, தோல் இறுக்க நோய் ஆகியன கொண்ட 15 பேர் பற்றிய முடிவுகள் 2024-இல் வெளியாயின. அவர்கள் அனைவரும், பின்தொடரப்பட்ட காலத்தில், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளை நிறுத்த முடிந்தது. இது நம்பிக்கை அளிக்கும் முடிவாயினும், சிறு எண்ணிக்கையிலானோரிடம் நடைபெற்ற ஆய்வு ஆகும். எனவே லூபஸ் நோயாளிகள் தாம் உட்கொள்ளும் மருந்துகளைத் தாமாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.

ஆய்வில் சேருமாறு அழைக்கப்பட்டால்

புதிய சிகிச்சை என்னும் பெயரில் பெருந்தொகை பெற்று, நிரூபிக்கப்படாத செல் சிகிச்சைகளை அளிப்போரும் உள்ளனர். ஆகவே ஒப்புதல் அளிக்கும் முன் பின்வருவனவற்றைக் கேட்டறிக:

• இது ஒப்புதல் பெற்ற சிகிச்சையா, ஆய்வு நிலையில் உள்ளதா?
• ஆய்வு எனில், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் இதன் பதிவு எண் என்ன? இப்பதிவேட்டை எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.
• நெறிமுறைக் குழுவின் அனுமதி உள்ளதா?
• ஆய்வுக்குரிய மருந்துக்குப் பணம் கேட்கப்படுகிறதா? கேட்கப்பட்டால் அதனை எச்சரிக்கை அறிகுறியாகக் கொள்ள வேண்டும்.
• ஆய்வினால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் மருத்துவமும் இழப்பீடும் எவ்வாறு அளிக்கப்படும்? 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் இவற்றுக்கு வழிவகை செய்துள்ளன.

ஒப்புதல் படிவம் தமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் எனக் கேட்பது நோயாளியின் உரிமை. வீட்டாருடன் கலந்து பேச அவகாசம் கேட்கலாம். ஆய்வில் சேர்ந்த பின்னரும் எந்நேரமும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை மறுக்கப்படக் கூடாது.

நினைவில் கொள்ள வேண்டியவை

கார்-டி செல் சிகிச்சை, வேறு வழியற்றிருந்த பலருக்கு வாழ்நாளை நீட்டித்துள்ளது. அதன் பயன், தகுதியுள்ள நோயாளியைத் தேர்வதிலும், பக்கவிளைவை முதல் நாளிலேயே கண்டறிவதிலும் பெரிதும் தங்கியுள்ளது. நோயாளியின் அருகிலிருந்து நாள்தோறும் கவனிக்கும் பராமரிப்பாளரும் சிகிச்சைக் குழுவின் ஓர் உறுப்பினரே ஆவார்.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. தனிப்பட்ட சிகிச்சை முடிவுகளுக்கு இரத்தவியல் அல்லது புற்றுநோய் சிறப்பு மருத்துவரை அணுகவும்.