பாயில் உட்கார்ந்த கணக்கு

2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியரின் நாற்காலி ஓரம் போனது. ஆசிரியரும் பிள்ளைகளும் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சுவரின் அடிப்பகுதி முழுக்க, ஆறு வயதுக் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை ஓடியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் சொந்தமாக ஓர் இடம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டி, அவர்கள் எழுதியதையும் வரைந்ததையும் தொங்கவிட்டார்கள். பாடநூலின் இடத்தை அட்டைகள் பிடித்தன.

செயல்வழிக் கற்றல் என்று பெயர் பெற்ற இந்த முறையில் கணக்குப் பாடம் ஓர் ஏணியாகச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைப் பிள்ளையே பார்த்து, அந்தப் படிக்குரிய படம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். அறிமுக அட்டை என்றால் ஆசிரியரிடம் போகும். பயிற்சி அட்டை என்றால் பக்கத்துப் பிள்ளையோடு உட்காரும். குச்சி, மணி, ஆணிமணிச்சட்டம் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். ஒரு குழந்தை பத்துக் குச்சிகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டிருக்கும்போது, இன்னொன்று கடன் வாங்கிக் கழித்துக்கொண்டிருக்கும். ஒரு வாரம் பள்ளிக்கு வராத பிள்ளை, விட்ட படியிலிருந்தே தொடரும். வகுப்பு முன்னே போய்விட்டதே என்ற பதற்றம் அதற்கு இல்லை.

அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். ஆந்திரத்தின் ரிஷிவேலியில், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை நடத்த வேண்டியிருந்த கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறைதான் இதற்கு மூலம். ஆனால் தமிழ்நாட்டில் கையால் கணக்குப் படித்த கதை 2003-இல் தொடங்கவில்லை.

திண்ணைப் பள்ளியிலிருந்தே அதைச் சொல்ல வேண்டும். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் உத்தரவிட்ட கணக்கெடுப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் படித்தார்கள். தமிழ்ப் பகுதிப் பள்ளிகளில் கணக்கு என்றால் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு நூல். முதலில் மணலில் விரலால் எழுத்தும் எண்ணும். பிறகு பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்ற வாய்ப்பாடுகள். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி என்று அளவைகள் ஏறிக்கொண்டே போகும். பின்னமோ முந்திரி வரை, அதாவது 320-இல் ஒன்று வரை, இறங்கும். எல்லாம் வாயால் சொல்லி மனத்தில் ஏற்றியவை.

அதை வெறும் மனப்பாடம் என்று இன்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அந்த மாணவன் வாயில் சொன்ன உழக்கும் நாழியும் அவன் வீட்டுக் களத்தில் கிடந்தன. பள்ளியில் சொன்னதை அறுவடை நாளில் தன் கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்ள முடிந்தது. அதே சமயம், அந்தத் திண்ணை எல்லாருக்குமானதாக இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. பெண் பிள்ளைகள் மிக அரிது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அனுமதியே கிடையாது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தேர்வு முடிவைப் பார்த்து மானியம் தரும் முறை சென்னை மாகாணத்துக்கு வந்தது. ஆய்வாளர் வரும் நாளில் எத்தனை பிள்ளைகள் சரியாக விடை சொன்னார்கள் என்பது பள்ளியின் வருமானமாகிவிட்டது. வீட்டுக் களத்தோடு இருந்த தொடர்பு அறுந்தது. ஒப்பிப்பது மட்டும் மிஞ்சியது. நம் கணக்கு வகுப்புகளுக்கு நேர்ந்த பெரிய இழப்பு இதுதான். 1957-இல் நூறு காசு ரூபாயும் அதையடுத்து மெட்ரிக் அளவைகளும் வந்தபோது, மாகாணி போன்ற பழைய பின்னங்களின் வாய்ப்பாட்டுக்குச் சந்தையிலும் வேலை இல்லாமல் போனது.

ஒப்பித்தல் ஓங்கியிருந்த அந்தக் காலத்தில்தான், 1893-இல், சென்னையிலிருந்து ஓர் அபூர்வமான புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் அரசு வருவாய்ப் பணியில் இருந்த டி. சுந்தர ராவ். பொருள், காகித மடிப்பில் வடிவியல். மழலையர் பள்ளிக்காக ஜெர்மானியர் ஃபிரோபெல் வகுத்த விளையாட்டுப் பொருள்களில் ஒன்றான மடிப்புக் காகிதத்தைப் பார்த்துத்தான் இந்த யோசனை அவருக்கு வந்தது. அவர் காட்டிய வழியை இன்றும் எந்த வகுப்பிலும் செய்து பார்க்கலாம். ஒரு சதுரக் காகிதத்தை நடுவில் மடித்துப் பிரித்தால் மேலிருந்து கீழாக ஒரு நடுக்கோடு கிடைக்கும். கீழ்ப்பக்கத்தின் இடது முனையை அசையாமல் பிடித்துக்கொண்டு, வலது முனை அந்த நடுக்கோட்டின் மேல் விழும்படி மடிக்க வேண்டும். அது விழுந்த புள்ளியையும் கீழ்ப்பக்கத்தின் இரண்டு முனைகளையும் இணைத்தால் சமபக்க முக்கோணம். அளவுகோல் வேண்டாம், கவராயம் வேண்டாம். ஏன் மூன்று பக்கமும் சமம் என்று கேட்டால், மடித்த கையே பதில் சொல்லும். ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் இந்நூலைக் குறிப்பிட்டார். 1901-இல் சிகாகோவிலும் அது அச்சானது. நம் பள்ளிப் பாடத்திட்டம் மட்டும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

1939-இல் குழந்தைக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். உலகப்போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் இருந்தார். அவருடைய முறையில் எண்கள் மணிகளாகக் கைக்கு வந்தன: ஒரு மணி ஒன்று, கம்பியில் கோத்த பத்து மணி பத்து, பத்துக் கம்பிகள் சேர்ந்த சதுரம் நூறு, பத்துச் சதுரங்கள் அடுக்கிய கனசதுரம் ஆயிரம். ஆயிரத்தின் கனம் ஒன்றைவிட எவ்வளவு அதிகம் என்பதைக் குழந்தை கையில் தூக்கித் தெரிந்துகொண்டது. ஆனாலும் அந்த மணிகள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிகளோடு நின்றுவிட்டன.

காசில்லாத வகுப்பறைக்கு வழி காட்டியவர் பி.கே. சீனிவாசன். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர். அவர் கையிலெடுத்த கருவி, எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்கும் மாத நாள்காட்டி. அதில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது தேதிகளைக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: 8, 9, 10, கீழே 15, 16, 17, அதற்கும் கீழே 22, 23, 24. கூட்டினால் 144. நடுவில் உள்ள 16-ஐ ஒன்பதால் பெருக்கினாலும் 144. எந்த மாதத்தில் எங்கே கட்டம் போட்டாலும் இது மாறாது. ஏன் மாறவில்லை என்று பிள்ளை யோசிக்கும் இடத்தில் இயற்கணிதம் தொடங்குகிறது. நாள்காட்டிக் கணக்கை அவர் ஒரு நூலாகவே எழுதினார். கணித மேதை இராமானுஜன் பற்றிய கடிதங்களையும் நினைவுகளையும் தேடித் தொகுத்து 1968-இல் வெளியிட்டவரும் அவரே. 1993-இல் இராயபுரத்தில் ஏ.டி.பி. போஸ் நிறுவிய இராமானுஜன் அருங்காட்சியகத்துக்கு வடிவம் கொடுத்து, 2005-இல் மறையும்வரை பிள்ளைகளோடு கணக்குப் போட்டார். இந்த வரலாற்றில் அவருக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

2005 தேசியக் கலைத்திட்டத்துக்கான கணிதக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் சென்னைக்காரர்தான்: கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். இராமானுஜம். கணிதத்தைக் கண்டு அஞ்சும் பிள்ளைகள், ஏமாற்றம் தரும் பாடத்திட்டம், முரட்டுத்தனமான தேர்வு, போதாத ஆசிரியர் பயிற்சி ஆகிய நான்கையும் அந்தக் குழு அடிப்படைச் சிக்கல்களாக எடுத்து வைத்தது.

13 பள்ளிகளில் தொடங்கிய அட்டை முறை 2007-08-இல் மாநிலம் முழுக்க, 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் போனது. அந்த வேகத்தில் நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது. பிரம்பும் அதட்டலும் குறைந்து, பிள்ளைகள் ஆசிரியரிடம் தயங்காமல் பேசத் தொடங்கினார்கள். ஆனால் தானே ஏற்று வந்த ஆசிரியர் கையில் உயிரோடு இருந்த முறை, உத்தரவாக வந்து சேர்ந்த இடத்தில் சடங்கானது. கிழிந்த அட்டைக்கு மாற்று அட்டை வரவில்லை. வீட்டுப்பாடமும் புத்தகமும் எங்கே என்று பெற்றோர் கேட்டார்கள். 2012-13-இல் முப்பருவ நூல்கள் வந்ததும், அட்டை முறையும் எளிமைப்படுத்திய வடிவத்துக்குச் சுருங்கியது.

கொரோனா கால இடைவெளியைச் சரிசெய்ய 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்ற பயிற்சி. ஆடல், பாடல், பொருள்கள். அடிப்படை எண்ணம் பாயில் உட்கார்ந்த அதே எண்ணம்தான். மதிப்பீடுகளைச் செயலியில் பதிவேற்றுவதிலேயே நேரம் போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் முறையிடுகின்றன. அந்தப் புகாரை அரசு காது கொடுத்துக் கேட்க வேண்டும். பதிவு செய்யும் நேரம், பிள்ளை மணி எண்ணும் நேரத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

பெற்றோரும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது, எத்தனை பாடம் முடிந்தது என்று கேட்பதோடு நிறுத்தாமல், கணக்குப் பொருள்கள் இருக்கும் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதைக் கடைசியாக எப்போது பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள் என்றும் கேளுங்கள்.